சரிவில் வீடு, சுவரோரம் ஈரம்: அது எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் இருந்தவர்களுக்கு அந்த மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளம் அடித்துப் போனவர்களும் உண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடே இறங்கி வந்து மூடியவர்களும் உண்டு. ரிசர்வாயர் ஹில்ஸ், கிளேர் எஸ்டேட், சாட்ஸ்வர்த் என்று நம் ஆட்கள் நிறைய வாழும் இடங்கள் பெரும்பாலும் மேடு பள்ளம்தான். மேட்டின் ஒரு பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன் செய்து கட்டிய வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு "பின்பக்கம் கொஞ்சம் ஈரமா இருக்கு, பார்த்துக்கலாம்" என்று நாளைக் கடத்தக் கூடாது.

நான் இங்கே மண் ஆய்வு வேலையில் இருக்கிறேன். ஈரம் தெரிந்ததும் ஆட்கள் முதலில் செய்வது சிமென்ட் பூசுவது. அந்த ஒரு காரியத்தை நிறுத்தச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கசிவை அடைத்தால் தண்ணீர் போய்விடுவதில்லை, உள்ளேயே தேங்குகிறது. முதலில் அது யார் வீட்டுத் தண்ணீர், எந்தக் குழாய், எந்த மழை என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். அதில் நிற்கும் தண்ணீரின் ஆழம் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மில்லிமீட்டர் மழை. தினமும் ஒரே நேரத்தில் மழை அளவு, கசிவு எங்கே, தெளிவா கலங்கலா என்று எழுதி வாருங்கள்.

இவை தெரிந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வெளியேறுங்கள்

தோட்டத்தில் வில் போல வளைந்த வெடிப்பு விழுந்து, அதன் கீழ்ப்பக்கம் ஒரு விரல் அளவாவது இறங்கியிருந்தால். மழை பெய்துகொண்டிருக்கும்போதே, நேற்று வரை சரியாக மூடிய கதவு திடீரென்று இறுகினால். தெளிவாக ஓடிய கசிவு கலங்கலாக மாறினால். மேட்டில் வேர் அறுபடுவது போல 'படபட' என்று சத்தம் கேட்டால். வேலிக் கம்பமோ மரமோ புதிதாகச் சாய்ந்தால்.

இன்னொன்றைப் பலரும் நல்ல அறிகுறி என்று நினைத்துவிடுகிறார்கள்: வழக்கமாக ஓடும் ஊற்று, மழைக்கு நடுவே நின்றுபோவது. மழை வலுக்கும்போது கசிவு கூட வேண்டும். குறைகிறது என்றால் மண் நகர்ந்து தண்ணீர் போகும் வழியை அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். கலங்கல் நீர் சொல்வது வேறு: உள்ளிருந்து மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். சரிவின் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். வெளியேறிய பிறகு நகராட்சிப் பேரிடர் பிரிவுக்குச் சொல்லலாம்.

அறிகுறி: ஜூலையிலும் பின்பக்கப் புல் பச்சையாக இருக்கிறது

டர்பனில் ஜூன், ஜூலை காய்ந்த மாதங்கள். அப்போதும் ஒரு இடம் மட்டும் சொதசொதவென்று இருந்தால் பெரும்பாலும் அது மழைத் தண்ணீர் இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் குளிர்காலம்தான் சரியான நேரம். மழைக்காலத்தில் எல்லாத் தண்ணீரும் கலந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு ஆன்ட்டி. ஒரு ஆகஸ்ட் மாதம் என்னைக் கூப்பிட்டு, "பாரு தம்பி, இந்த வருஷம் மடும்பி ஆள் உயரம் வளர்ந்திருக்கு" என்று சந்தோஷமாகக் காட்டினார். மடும்பி என்று இங்கே சொல்வது நம் ஊர்ச் சேம்பின் இனம். ஈரத்தில்தான் இப்படிக் கொழிக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு மாதமாக மழையே இல்லை, அந்தப் பாத்திக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் பக்கத்து மனை.

இப்படிப் போனோம். முதலில் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, டாய்லெட் தொட்டி நிரம்பி நின்ற பிறகு, தண்ணீர் மீட்டரின் எண்ணை எழுதிக்கொண்டோம். இரண்டு மணி நேரம் யாரும் குழாயைத் தொடவில்லை. எண் மாறவே இல்லை. ஆக அவர் வீட்டுக் குழாய் ஒழுகவில்லை. (மாறியிருந்தால் அடுத்தபடியாக வீட்டு வாசலில் இருக்கும் ஸ்டாப்காக்கை, அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வை, மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் மீட்டர் ஓடினால் ஒழுக்கு மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணுக்குள். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் உங்கள் பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.)

அடுத்தது குளோரின். நீச்சல் குளம் வைத்திருப்பவர்களிடம் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து சொட்டு விட்டோம். லேசான மஞ்சள். மழைத் தண்ணீரிலும் ஊற்றுத் தண்ணீரிலும் குளோரின் இருக்காது, அதனால் அது சுத்திகரித்த குழாய்த் தண்ணீர், இல்லையென்றால் யார் வீட்டுக் குளத்துத் தண்ணீராவது. ஒரு எச்சரிக்கை: நிறம் வராவிட்டால் குழாய்த் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மண்ணுக்குள் நாலைந்து மீட்டர் ஊறி வருவதற்குள் குளோரின் தீர்ந்துபோகலாம்.

மூன்றாவது சாட்சி தானாகவே வந்தது. அந்த வாரம் எங்கள் பகுதியில் மூன்று நாள் குழாயில் தண்ணீர் வராமல் நின்றது. தண்ணீர் நிற்பது நமக்குப் பெரிய தொல்லைதான், ஆனால் அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. இரண்டாம் நாள் கசிவு பாதியானது. தண்ணீர் திரும்பி ஒரு நாளில் பழையபடி ஊறத் தொடங்கியது. மேல்வீட்டு டிரைவ்வேக்கு அடியில் ஓடும் பழைய குழாயில் ஒரு இணைப்பு விட்டிருந்தது.

இது என்ன பெரிய ஒழுக்கு என்று தோன்றலாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43,000 லிட்டருக்கு மேல். அதை 150 சதுர மீட்டர் தோட்டத்தில் பரப்பினால் 288 மில்லிமீட்டர். 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொட்டிய மழைக்கு நிகரான தண்ணீர், சத்தமே இல்லாமல், மாதாமாதம் அந்தச் சரிவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பெருமழை வரும்போது அந்த மண்ணில் குடிக்க இடம் மிச்சமிருக்காது.

மீட்டரில் தெரியாத ஒழுக்குகளும் உண்டு. நீச்சல் குளத்தை வாளி வைத்துப் பார்க்கலாம்: வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, வாளிக்குள்ளும் குளத்திலும் மட்டத்தைக் குறியுங்கள். குளத்து மோட்டாரை நிறுத்திவிடுங்கள். வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் குளம் அதிகமாக இறங்கியிருந்தால் குளம் ஒழுகுகிறது. கழிவுக் குழாய்க்குச் சாயம். டாய்லெட்டில் நிறைய பச்சை அல்லது நீல உணவுச் சாயம் ஊற்றி ஃபிளஷ் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் கசிவைக் கவனியுங்கள். சிவப்பு வேண்டாம், இங்கத்துச் செம்மண்ணில் தெரியாது. களிமண் சாயத்தை உறிஞ்சிவிடும் என்பதால் இதிலும் தெரிந்தால்தான் சாட்சி. கசிவில் சோப்பு நுரையோ நாற்றமோ இருந்தால் சாயமே தேவையில்லை, பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்க்குள் கேமரா விடச் சொல்லுங்கள்.

அறிகுறி: மழை பெய்தால்தான் ஊறுகிறது

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: மழைக்கு எத்தனை நேரம் கழித்து?

சில மணி நேரத்தில் என்றால், கூரைத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். 150 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 15,000 லிட்டர். அது டவுன்பைப் வழியாக இறங்கி எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பல வீடுகளில் குழாய் தரைக்குள் போகும், ஆனால் தரைக்குள் உடைந்திருக்கும். சில வீடுகளில் கல் போட்ட ஊறல் குழிக்குள் விட்டிருப்பார்கள். சமதரையில் அது நல்ல ஏற்பாடுதான். சரிவின் விளிம்பில் அப்படி வைத்தால் மண் சரிவுக்கு நாமே தண்ணீர் ஊட்டுகிறோம் என்று அர்த்தம். கூரைத் தண்ணீர் மூட்டு விடாத குழாயில் சரிவின் அடி வரை போய், தெரு வடிகாலில் விழ வேண்டும்.

மேட்டின் உச்சியில் தண்ணீரைத் தடுத்துத் திருப்ப வாய்க்கால் வெட்டுவதும் நல்லதே. ஆனால் வெறும் மண் வாய்க்கால் வெட்டாதீர்கள். அதில் தேங்கும் தண்ணீர் நேராகச் சரிவுக்குள் இறங்கும். கான்கிரீட் தளம் போட்டு, இலை தழை அடையாமல் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் வாய்க்கால் இல்லாமலே இருப்பது மேல்.

மழை நின்று நாலு நாள், ஒரு வாரம் கழித்து ஊறத் தொடங்கி, பிறகு வாரக்கணக்கில் நிற்காமல் ஊறினால் அது நிலத்தடி நீர். இங்கேதான் மண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கடலோர மேடுகளில் 'பெரியா' என்று இங்கே சொல்லும் செம்மணல்: பழைய மணல்மேடு நாள்பட்டுச் சிவந்து களி கலந்த மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்துதான் பலர் பின்பக்கத்தைச் சுவர்போல வெட்டுகிறார்கள். நனைந்தால் அதே மண் சர்க்கரைபோலக் கரையும். உள்பக்க மேடுகள் பலவற்றில் ஷேல் பாறை, அடுக்கடுக்காக இருக்கும், மேல்பகுதி மக்கிக் களிமண்ணாகியிருக்கும். மழைநீர் மேல்மண்ணில் எளிதாக இறங்கி, களி அடுக்கின் மேல் வந்து நிற்கும். வழுக்குவது அந்த இடத்தில்தான். உங்கள் தெருவில் சாலைக்காக வெட்டிய மேட்டின் முகத்தைப் பாருங்கள். பாறை அடுக்குகள் சரிவு இறங்கும் பக்கமே சாய்ந்திருந்தால் உங்கள் வீட்டு ஈரத்தை இரண்டு மடங்கு கவலையோடு பாருங்கள்.

அறிகுறி: தாங்குசுவர் வயிறு தள்ளுகிறது, துளைகளோ காய்ந்து கிடக்கின்றன

தாங்குசுவரின் கீழ்ப்பகுதியில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறுவதற்கு. மழை நாளில் அவற்றில் தண்ணீர் வருவது நல்ல செய்தி. சுற்றிலும் ஊறும்போது துளை மட்டும் காய்ந்திருப்பதுதான் கெட்ட செய்தி. அடைத்திருக்கிறது.

அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 3 மீட்டர் உயரச் சுவர், பின்னால் சாதாரண மணற்பாங்கான மண், நன்றாக வடிந்திருக்கிறது: சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் தள்ளும் விசை ஏறத்தாழ 27 கிலோநியூட்டன். அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் உச்சி வரை நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 44 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்கு நாலரை டன். மண்ணின் பங்கையும் சேர்த்தால் முதலில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காய்ந்த மண்ணுக்கென்று கட்டிய சுவர் அதைத் தாங்காது.

சுவர் நேராக இருந்து, துளை மட்டும் அடைத்திருந்தால், காய்ந்த காலத்தில் மெல்லிய கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்யலாம். உள்ளே இருக்கும் வடிதுணியையும் ஜல்லியையும் குத்திக் கிழிக்கக் கூடாது, கிழிந்தால் அடுத்த மழையில் மண்ணே துளை வழியாக வரும். சுவர் ஏற்கனவே வயிறு தள்ளியிருந்தால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். அடியில் தோண்டவும் கூடாது. அடிமண்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொறியாளர் வரும் வரை அதன் கீழே குழந்தைகள் விளையாடாமல், வண்டி நிறுத்தாமல் பாருங்கள்.

பிறகு சுவரின் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். இடம் இருப்பது பின்பக்க விளிம்பில்தான் என்பதால் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். 5,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் 5 டன். நிரம்பி வழிவதும் அதே மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு வீட்டில் சுவர் தள்ளுவதற்குக் காரணம் தேடி இரண்டு நாள் குழி தோண்டினோம். டேங்கைக் காலி செய்து வெட்டு மண் பக்கம், வீட்டுப் பக்கச் சுவரோரம் மாற்றிய பிறகு சுவர் மேற்கொண்டு நகரவில்லை. முதல் நாளே தலையைத் தூக்கி மேலே பார்த்திருக்க வேண்டும்.

லோஃபெல்ஸ்டைன் என்ற கான்கிரீட் கட்டைகளை அடுக்கிச் செடி வைத்த சுவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தண்ணீர் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். பின்னால் ஜல்லி வடிகால் போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அறிகுறி: மழை வந்தால் கழிவு மேன்ஹோல் பொங்குகிறது

டர்பனில் மழைநீருக்கு ஒரு குழாய், கழிவுக்கு வேறு குழாய். மழைக்குக் கழிவுக் குழாய் பொங்குகிறது என்றால் பெரும்பாலும் யாரோ டவுன்பைப்பைக் கழிவு கல்லியில், அதாவது வீட்டுக் கழிவுநீர் விழும் வாயில், இணைத்திருக்கிறார்கள். அது சட்டப்படித் தவறு. பொங்கிய தண்ணீர் கீழ்வீட்டுச் சரிவில் இறங்கும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இந்த வாரமே பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: சுவரில் விரிசல், கதவு இறுகுகிறது

எல்லா விரிசலும் நிலச்சரிவு இல்லை. களிமண் நனைந்து உப்பும், காய்ந்து சுருங்கும். கோடையில் இறுகிக் குளிர்காலத்தில் தளரும் கதவு பெரும்பாலும் அந்த வகை. வீட்டின் நடுவே, மேட்டுக்கு இணையாக, ஒரே நேர்கோட்டில் தரையிலும் சுவரிலும் ஓடும் விரிசல் வேறு. வெட்டு மண்ணும் கொட்டு மண்ணும் சந்திக்கும் இடம் அது. கொட்டிய பக்கம் இறங்குகிறது.

விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மூன்று இடத்திலாவது. கூடிக் குறைந்தால் பருவம். கூடிக்கொண்டே போனால் நகர்வு. மழை அளவை எழுதும் அதே பக்கத்தில் இதையும் எழுதினால், மழைக்குப் பிறகு எத்தனை நாளில் கூடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தோட்டத்து மண்ணில் விழுந்த வெடிப்பு மெல்லியதாக, நகராமல் இருந்தால், களிமண்ணை அடைத்து மிதித்து, மேலே பிளாஸ்டிக் விரித்து மழை இறங்காமல் பாருங்கள். அது தற்காலிகம்தான். நகர்கிறது என்றால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்: நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பது

பீசோமீட்டர் என்று பெரிதாகச் சொன்னாலும் அது ஒரு குழாய்தான். கை ஆகரால் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) 100 மில்லிமீட்டர் அகலத் துளை, 3 அல்லது 4 மீட்டர் ஆழம். அதற்குள் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய். குழாயின் அடி ஒரு மீட்டரில் ரம்பத்தால் கீறல்கள் போட்டு வடிதுணி சுற்ற வேண்டும். கீறல் பகுதியைச் சுற்றிக் கரடு மணல், அதற்கு மேல் அரை மீட்டர், நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களி, பிறகு மண், மேலே மூடி. பென்டோனைட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மேல்தண்ணீர் குழாயோரமாக இறங்கி, நீர்மட்டம் உயர்ந்ததாகப் பொய் சொல்லும். இதைக் காய்ந்த காலத்தில், அசையாத சரிவில் மட்டும் செய்யுங்கள், முடிந்தால் தெரிந்த ஆளை வைத்து.

அளப்பதற்கு டேப்பின் நுனியில் ஒரு சிறு எடை கட்டி இறக்குங்கள், தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். சாதாரண நாளில் வாரம் ஒருமுறை, மழைக்குப் பின் தினமும். மழை இல்லாமலே மட்டம் மேலே நின்றால் ஒழுகும் குழாயைத் தேடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒரு மீட்டர் ஏறி மெதுவாக இறங்கினால், அந்தச் சரிவுக்கு ஆழ்வடிகால் வேண்டும். சரிவுக்குள் கிட்டத்தட்டப் படுக்கையாகத் துளையிட்டு, சற்றே வெளிப்பக்கம் சாயும்படி குழாய் செருகி நீரை இறக்கும் வேலை அது. வீட்டுக்காரர் செய்யக் கூடியது இல்லை.

அதற்கு தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சிலில் பதிவு பெற்ற மண்ணியல் பொறியாளர்தான் வேண்டும். சுவர் கட்டும் ஆள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரிடம் முதலில் போகாதீர்கள், அவர் சுவர்தான் கட்டுவார். பொறியாளரிடம் இந்த நோட்டைக் கொடுங்கள். ஆறு மாதப் பதிவு உள்ள வீட்டில் ஆய்வுச் செலவு குறைகிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீடு கட்டி ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால், வீடு கட்டுவோர் பதிவுக் கவுன்சிலின் உத்தரவாதம் பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு உண்டா என்று உடனே விசாரியுங்கள். நாள் கடந்தால் கேட்க முடியாது.

தண்ணீர் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றால்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். சரிவில் எப்போதும் மேல்வீட்டுக்காரர் தண்ணீரால் கீழ்வீட்டுக்காரர் பாதிக்கப்படுகிறார், மேல்வீட்டுக்காரருக்கோ எதுவும் தெரிவதில்லை. ஆன்ட்டி முதல் நாள் மேலே போய் "உங்க பைப் உடைஞ்சிருக்கு" என்றதும் பேச்சு முறிந்துவிட்டது. இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். நோட்டைக் காட்டி, தண்ணீர் நின்ற மூன்று நாளில் கசிவு குறைந்ததைச் சொல்லி, "உங்க மீட்டரை மட்டும் ரெண்டு மணி நேரம் பார்த்துக்கலாமா அங்கிள்?" என்று கேட்டோம். அவர் மீட்டர் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக ஒழுக்குக்கும் சேர்த்து பில் கட்டியிருக்கிறார். மறுநாளே பிளம்பர் வந்தார். அக்டோபர் மழைக்கு முன் ஆன்ட்டியின் பாத்தி காய்ந்தது. அடுத்த வருஷம் மடும்பி குட்டையாகத்தான் இருந்தது.